கைமணிக்கூடும் குடல் நோயும்

ஒரு காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நம்மவர், உறவினர்க்குக் கொண்டுவந்த பொருள்களுள் கைமணிக்கூடு முதன்மையானதாயிருந்தது. கைத்தொலைபேசியே நேரம் காட்டத் தொடங்கியபின் அவ்வழக்கம் அருகிப்போயிற்று. சில ஆண்டுகளாக அது வேறொரு வடிவில் மீண்டும் தலையெடுத்திருக்கின்றது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் தம் பெற்றோர்க்கும் மருமக்களுக்கும் அளிக்கும் புதிய கைமணிக்கூடு, நேரம் காட்டுவதோடு அமையாது, அணிந்தவர் எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் உறங்கினார், அவர் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது என்பவற்றையும் இராப்பகலாகக் குறித்துவைக்கின்றது. இதனை ஒரு விளையாட்டுப் பொருளென்றே நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை மாற்றத்தக்க ஆராய்ச்சியொன்று 2025 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அது நம் ஊருக்கு எவ்வாறு பயன்படும், எந்நிலையிற் பயன்படாது போகும் என்பது பற்றி எமது கருத்தை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

அவ்வாராய்ச்சி குடல் அழற்சி நோய் எனப்படும் நீடித்த நோய் பற்றியது. இப்பெயரின்கீழ் முக்கியமாக இரு நோய்கள் அடங்கும். ஒன்று, பெருங்குடலின் உட்படையிற் புண்ணும் குருதிக் கசிவும் உண்டாக்கும் பெருங்குடற் புண்ணழற்சி. இலண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் 1859 இல் எழுதிய குறிப்பிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வைத்திய நூலார் வழக்கு. மற்றது, வாய்முதற் குதம்வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் பற்றக்கூடிய குரோன் நோய். நியூ யோர்க் நகரின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் 1932 இல் இதனை விவரித்தனர். இரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகையெனக் கொண்டு தாக்குவதால் விளைவன. பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள், அதாவது உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் முதல் உத்தியோகத்திலும் இருக்கும் பருவத்தில், இவை தலைகாட்டுகின்றன. முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு.

இந்நோயின் கொடுமை அது வந்து வந்து போவதிலே இருக்கின்றது. மாதக்கணக்காக, சிலர்க்கு ஆண்டுக்கணக்காக, நோய் அடங்கிக் கிடக்கும். பின்னர் ஒருநாள் வயிற்றுவலி, நாளுக்குப் பத்துமுறை கழிவறைக்கு ஓட்டம், குருதி கலந்த மலம், காய்ச்சல், உடல் மெலிவு என்று கிளர்ந்தெழும். நோயாளி எந்தத் திகதியையும் நம்பி ஒப்புக்கொள்ள இயலாது. பரீட்சை நாள், நேர்முகத் தேர்வு நாள், திருமண நாள் யாவும் அவனுக்கு ஐயத்துக்குரியன. வைத்தியர்க்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோயாளிக்கு வரும் வலியெல்லாம் அழற்சியால் வருவதன்று. குடல் அழற்சியின்றியே அதே வலியும் வயிற்றோட்டமும் தோன்றுவதுண்டு. மறுதலையாக, உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டிருக்க, நோயாளி நலமாயிருப்பதாக உணர்வதும் உண்டு. எது எதுவென்று தெளிய, குருதிப் பரிசோதனையும், மலத்திலுள்ள கல்புரொட்டெக்ரின் என்னும் புரதத்தை அளக்கும் பரிசோதனையும், ஈற்றிற் குழாய் செலுத்திக் குடலின் உட்புறத்தைப் பார்த்தலும் வேண்டும்.

குரோன் பணியாற்றிய அதே மவுண்ட் சைனாயில் இக்காலத்தில் ஆராயும் ரொபேட் ஹேர்ட்டனும் அவர் குழுவினரும் ஒரு வினாவை எழுப்பினர். கடையில் வாங்கக்கூடிய சாதாரணக் கைமணிக்கூடு நோய் கிளர்வதை முன்னரே அறிந்து சொல்லுமா என்பதே அது. அமெரிக்காவின் 36 மாநிலங்களைச் சேர்ந்த 309 நோயாளர் அப்பிள் வாட்ச், ஃபிட்பிட், ஊரா மோதிரம் ஆகியவற்றுள் ஒன்றை அணிந்தனர். நாடோறும் தம் உடல்நிலை பற்றிய சில வினாக்களுக்குக் கைத்தொலைபேசி மூலம் விடையளித்தனர். அவர்களுடைய குருதி, மலப் பரிசோதனை முடிவுகளும் சேர்க்கப்பட்டன. பின்னர் மூன்றையும் ஒப்புநோக்கியபோது, அழற்சி கிளர்ந்த காலங்களில் இதயத்துடிப்பும் ஓய்வுநிலைத் துடிப்பும் கூடியிருந்தமையும், நடந்த அடிகள் குறைந்திருந்தமையும் தெரியவந்தன. துடிப்புகளின் இடைவெளி நாள் முழுவதும் ஏறியிறங்கும் ஒழுங்கும் மாறியிருந்தது. அழற்சியோடு கூடிய வலியையும் அழற்சியில்லா வலியையும் இவ்வொழுங்கைக் கொண்டு வேறுபடுத்தவும் முடிந்தது. இம்மாற்றங்கள் நோய் கிளர்வதற்கு ஏழு வாரம்வரை முன்னதாகவே தென்படத் தொடங்கின என்பதுதான் எம்மை நிமிர்ந்திருக்கச் செய்த செய்தி. ஏழு வாரம் என்பது ஒரு பாடசாலைத் தவணையின் பாதிக்கு மேற்பட்டது.

மணிக்கட்டிலிருந்து குடலின் செய்தியை அறிவதா என்று நம்மவர் அவ்வளவு வியப்படையமாட்டார். நாடி பிடித்துப் பார்த்து உண்ட உணவையும் உடற்சூட்டையும் சொல்லும் பரியாரியாரை நம் பாட்டனார் அறிவர். சித்த மருத்துவம் கைதடியில் இன்றும் கற்பிக்கப்படுகின்றது. எனினும் இரண்டையும் ஒன்றென்று கூறி நாம் பெருமை கொள்வது பொருந்தாது. பரியாரியார் விரல்நுனியால் உணர்ந்தது வேறு, மணிக்கூடு செய்வது வேறு. மணிக்கூட்டின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலினுட் பாய்கின்றது. குருதி ஒவ்வொரு துடிப்புக்கும் பெருகி வற்றும்போது திரும்பிவரும் ஒளி குறைந்து கூடுகின்றது. அதனைக் கொண்டு துடிப்பு எண்ணப்படுகின்றது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் எப்போதும் ஒரே அளவினதன்று. மூச்சு உட்செல்லும்போது சற்றே குறுகியும், வெளியேறும்போது சற்றே நீண்டும், வினாடியின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் அது மாறிக்கொண்டிருக்கும். இம்மாற்றத்தை நடத்துவனவற்றுள் முக்கியமானது மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்கும் குடலுக்கும் கிளைவிடும் வேகசு நரம்பு. உடலில் அழற்சி மூளும்போது இந்நரம்பின் ஆட்சியும் மாறுபடுவதால், குடலின் கலக்கம் மணிக்கட்டில் எழுதப்படுகின்றது. இதனினும் நேர்முகமாக, வியர்வையிலுள்ள அழற்சிப் பொருள்களையே அளக்கும் பட்டையொன்றை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ஷாலினி பிரசாத்தும் அவர் துணைவரும் ஆராய்ந்து வந்துள்ளனர். சித்திரை வெயிலில் திருநெல்வேலிச் சந்தையில் நிற்பவர்க்கு வியர்வைக்குக் குறைவிராது!

இந்நோய் மேல்நாட்டார்க்கு உரியது, நமக்கென்ன என்று கேட்போர்க்குச் சில கணக்குகளைக் காட்டுவோம். கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் எடுக்கப்பட்டு 2010 இல் வெளியிடப்பட்ட கணக்கில் 295 நோயாளர் காணப்பட்டனர். இலட்சம் பேருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி 5.3, குரோன் நோய் 1.2 என்பது அதன் முடிவு. இந்தியப் பஞ்சாபின் லூதியானாப் பகுதியில் வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கணக்கில் பெருங்குடற் புண்ணழற்சி மட்டும் இலட்சத்துக்கு 44.3. வைத்தியசாலையிற் காத்திருந்து எண்ணுவதும் வீடு தேடிச் சென்று எண்ணுவதும் வெவ்வேறு வழிகள். ஆதலால் இவ்விரு எண்களையும் நேரே ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும் தேடினால் நோயாளர் கிடைப்பர் என்பதைப் பஞ்சாபின் கணக்கு உணர்த்துகின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியோரை ஆராய்ந்து 2015 இல் வெளியிடப்பட்ட அறிக்கையோ நம் குடும்பங்களுக்கே எழுதியது போன்றது. இளவயதிற் குடியேறியவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு முதிர்ந்து குடியேறியவரினும் கூடுதலென்றும், தென்னாசியப் பெற்றோர்க்கு அங்கே பிறந்த பிள்ளைகள் கனடியரின் பிள்ளைகளுக்கு ஒப்பான ஆபத்துக்கு உட்படுகின்றனர் என்றும் அது கூறுகின்றது. குருதி மாறவில்லை, உணவும் சூழலும் மாறின. இன்று நம் ஊரில் உணவு எவ்வளவு விரைவாக மாறுகின்றதென்பதைப் பலாலி வீதியில் மாலைப்பொழுதில் ஒருமுறை நடந்து சென்றால் யாரும் காணலாம்.

அங்ஙனமாயின் மணிக்கூடுகளை வாங்கி அனுப்பிவிடலாமன்றோ? வேண்டாம் என்பதே எமது விடை. இக்கருவிகளின் கணிப்பு நம் மண்ணில், நம்மவர் உடலில் முதலிற் பரீட்சிக்கப்படல் வேண்டும். அமெரிக்க நகரத்தான் காரிற் செல்வான், அல்லது நடப்பான். அவன் அடிகள் குறைந்தால் சோர்வுற்றான் என்று கருவி கொள்ளும். திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்குத் துவிச்சக்கர வண்டியிற் சென்று மீளும் எழுதுவினைஞரின் கைகள் பிடியில் அசையாது கிடக்கும். நான்கு மைல் மிதித்தவரைச் சோம்பியிருந்தவராகக் கருவி எழுதிக்கொள்ளவுங்கூடும். செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சுபவர் மணிக்கூட்டைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டே வாய்க்காலில் இறங்குவார். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நம்மவர் நடை பெருகும். கந்தசஷ்டி ஆறுநாளும் உபவாசமிருப்போரின் துடிப்பும் உறக்கமும் வேறுபடும். மார்கழி மழையோடு டெங்குக் காய்ச்சல் வரும். யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சலும் புதியதன்று. காய்ச்சல் எதுவாயினும் துடிப்பைக் கூட்டும். இவற்றையெல்லாம் குடலழற்சியிலிருந்து பிரித்தறிய அக்கருவிக்கு யாரும் இன்னும் கற்பிக்கவில்லை.

தோலின் நிறமும் ஒரு விஷயம். விரலில் மாட்டிக் குருதியின் ஒட்சிசனை அளக்கும் கருவி, கறுத்த தோலுடையவரிடத்து உண்மையான குறைவைக் காட்டாது தவறவிடுவது வெள்ளையரிடத்திலும் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020 இல் எடுத்துக்காட்டினர். வைத்தியசாலைகளிற் பல்லாண்டு புழங்கிய கருவி அது. ஒளியைக் கொண்டு தோலினூடாக அளக்கும் எதனையும் நம் நிறத்தவர்மீது சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

கணித ஆசிரியர்கள் மகிழத்தக்க ஒரு கணக்கையும் இங்கே செய்து பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஆயிரம் வாரங்களில் ஐம்பது வாரங்கள் நோய் கிளர்வதற்கு முற்பட்டவை என்றும், கருவி நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். அந்த ஐம்பதில் நாற்பத்தைந்தை அது கண்டுகொள்ளும். எஞ்சிய 950 வாரங்களில் நூற்றுக்குப் பத்தாக 95 முறை வீணே எச்சரிக்கும். ஆக, எழுந்த எச்சரிக்கைகள் 140, மெய்யானவை 45. தொண்ணூறு சதவீதம் சரி என்று புகழப்பட்ட கருவி, வாய்திறந்த மூன்று முறையில் இருமுறை பொய் சொன்னதாக முடிகின்றது. இதனாற் கருவி பயனற்றதென்று முடிவுகட்டுதல் தவறு. எச்சரிக்கை எழுந்ததும் மலப்பரிசோதனை ஒன்று செய்து மெய்பொய் தெளியலாம். அதனை இலகுவாகச் செய்துகொள்ள வழியில்லாத இடத்தில், அக்கருவி ஏற்கெனவே அஞ்சியிருப்பவனை மேலும் அஞ்சவைக்கும். அல்லது அவன் பயந்து தானாகவே ஸ்ரெரொயிட் மாத்திரைகளை விழுங்கத் தொடங்குவான். இரண்டாவது, முதலாவதிலும் கேடானது.

எமது கருத்தின் மையம் இதுவே. ஏழு வாரம் முன்னதாக எச்சரிக்கப்பட்டவன் அந்த ஏழு வாரத்தில் எங்கே செல்வான்? மலப்பரிசோதனையை எவர் செய்வார்? மருந்தை மாற்ற வைத்தியரைக் காண எத்தனை நாட் காத்திருப்பான்? மாற்றிய மருந்து கிடைக்குமா? 2022 இல் நாடு பொருளாதாரத்தில் நிலைகுலைந்தபோது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதையும், அவ்வாண்டு பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியதையும் எவரும் மறந்திரார். நாடோறும் மின்னேற்ற வேண்டிய மணிக்கூடு அந்நாளில் என்ன செய்திருக்கும்? எச்சரிக்கையைக் கேட்டுச் செயற்படக்கூடிய ஏற்பாடொன்று இல்லாதவிடத்து முன்னறிவு துயரத்தை ஏழு வாரம் முன்தள்ளிக் கொடுப்பதாகவே முடியும்.

அந்த ஏற்பாட்டைத் தொடங்குவதற்கு உரிய இடம் நம் அயலிலேயே இருக்கின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி நின்ற நிலத்தில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. 1978 இல் மருத்துவபீடம் உருவாயிற்று. ஆடியபாதம் வீதியிலுள்ள அப்பீடத்திலிருந்து போதனா வைத்தியசாலை சிறிது தூரமே. நம் கல்லூரியிற் பயின்று அப்பீடத்திற் கற்று இன்று உலகெங்கும் வைத்தியராயிருப்போர் இம்மலரைப் படிக்கின்றனர். விழா ஆண்டு வந்தால் ஒரு மண்டபமோ ஒரு நுழைவாயிலோ கட்டிப் பெயர் பொறிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. நுழைவாயில்கள் போதும் என்பது எமது அபிப்பிராயம். அப்பணத்திற் சிறு பங்கை மருத்துவபீடத்தார் விரும்பி ஏற்கும் ஓர் ஆய்வுக்கு அளிக்கலாம். முப்பது நாற்பது நோயாளர், ஓராண்டு, அவர்க்கு மணிக்கூடும், திங்களுக்கொரு கல்புரொட்டெக்ரின் பரிசோதனையும், எச்சரிக்கை எழுந்தால் அழைக்க ஒரு தாதியும். முப்பது பேரைக் கொண்டு உலகம் ஏற்கும் முடிவை நிறுவ இயலாதென்பதை அறிவோம். ஆனால் துவிச்சக்கர வண்டியும் உபவாசமும் டெங்கும் அக்கணிப்பை எவ்வளவு குழப்புகின்றன என்பது தெரிந்துவிடும். ஓராண்டு முடிவிற் பரிசோதனையும் தாதியும் பழகிய ஒழுங்காக எஞ்சும். மணிக்கூடு பிழைத்தாலும் அவ்வொழுங்கு பயன் தரும்.

அவ்வாய்வில் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுத்தலாகாது. முதலாவது மொழி. நோயாளி நாடோறும் விடையளிக்க வேண்டிய வினாக்கொத்து தமிழில் இருத்தல் வேண்டும். அகராதித் தமிழன்று, வீட்டில் வழங்கும் தமிழ். டொக்டர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கிய ஊர் இது. ‘வயிறு கழிதல்’, ‘வயிற்றைப் பிசைதல்’, ‘வயிற்றுளைவு’ என்பவை ஒன்றல்ல என்று அறிந்தவர் அவ்வினாக்களை எழுதுதல் வேண்டும். இரண்டாவது உரிமை. ஒருவர் இதயம் துடித்த விதமும் உறங்கிய விதமும் கடல்கடந்து ஒரு கம்பனியின் கணினியிற் குவிகின்றன. நாளை அவை காப்புறுதிக்காரர் கையிலோ உத்தியோகம் கொடுப்பவர் கையிலோ சென்றால் என் செய்வது? தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டத்தை இலங்கை 2022 இல் 9 ஆம் இலக்கமாக இயற்றியது. சட்டம் ஒருபுறம் இருக்க, நம் ஊரில் இச்செய்தி கலியாணத் தரகர் காதுக்கு எட்டுவதையே நோயாளியின் தாய் முதலில் அஞ்சுவாள். அவ்வச்சத்தை அறியாமை என்று இகழ்தல் எளிது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அதனால் தடைப்பட்டதைக் கண்டவர் இகழார்.

உண்மையில் இந்நோய் நம்மிடையே பேசப்படாமைக்கு மூலகாரணம் இவ்வச்சமும் நாணமுமே. நெஞ்சுவலியைச் சபையிற் சொல்லலாம். நீரிழிவைப் பெருமையாகவே சிலர் சொல்வர். மலத்திற் குருதி கண்டதை உடன்பிறந்தானுக்கும் சொல்லார். மூலம் என்று தாமே முடிவுசெய்து மாதங்கள் கழிப்பார். கருவியால் விளையக்கூடிய ஒரு நன்மையை இங்கே ஒப்புக்கொள்கின்றோம். வாய்விட்டுச் சொல்லக் கூசும் இளைஞனுக்காக மணிக்கட்டு பேசுகின்றது. ‘துடிப்புக் கூடியிருக்கிறது, ஒருமுறை பாருங்கள்’ என்று வைத்தியரிடம் தொடங்குவது, ‘வயிற்றால் இரத்தம் போகிறது’ என்று தொடங்குவதிலும் அவனுக்கு எளிது.

ஆய்வு ஆரம்பிக்கப் பணமும் அனுமதியும் காலமும் வேண்டும். அவையின்றியே கல்லூரி செய்யக்கூடியதொன்றும் உண்டு. இந்நோயுடைய மாணவன் ஒருவன் வகுப்பு நடுவே எழுந்து செல்ல வேண்டியிருந்தால், நாற்பது பேர் முன்னிலையிற் கையுயர்த்தி, அனுமதி கேட்டு, ‘இப்போதுதானே போய் வந்தாய்’ என்ற வினாவுக்கும் பின்வரிசையின் சிரிப்புக்கும் ஆளாகி, பின்னரே செல்கின்றான். இதற்கஞ்சிக் காலையுணவை விடுவோரும் பாடசாலையையே விடுவோரும் உளர். இங்கிலாந்தில் இந்நோயாளர் சங்கத்தார், ‘இவருக்குக் காத்திருக்க இயலாது’ என்னும் கருத்துப்பட அச்சிட்ட சிறு அட்டையொன்றை உறுப்பினர்க்கு வழங்குகின்றனர். அதனைக் காட்டினாற் கடைக்காரரும் தம் கழிவறையைத் திறந்து விடுவது உண்டு. அத்தகைய அட்டையொன்றை வைத்தியரின் கடிதத்தின்பேரில் அதிபர் கையொப்பமிட்டு வழங்கலாம். நோயின் பெயர் அதில் வேண்டியதில்லை. பரீட்சை மண்டப மேற்பார்வையாளர்க்கும் அது செல்லுபடியாக வேண்டும். கூடவே, மலசலகூடக் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் இருக்கின்றனவா என்பதை, விழாவுக்கு வரும் பழைய மாணவர் மண்டபத்துக்குப் போகுமுன் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு வருதல் நன்று.